தகட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

என் மகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். அவளுக்கு நான் அப்பா என்பதைத் தவிர கம்ப்யூட்டருக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் போய்வந்த சேலையைக்கூட மாற்றாமல் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்காமல் காபி குடிக்கப் போயிருக்கலாம்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். திரையில் ஒரே சமயத்தில் நாலைந்து ஜன்னல் திறந்திருக்கும். விசைப்பலகை ஒன்றுதான். நாம் தட்டுவது, அந்த நிமிஷத்தில் எந்த ஜன்னல் காது கொடுத்துக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் போகும். அதற்கு ஃபோகஸ் என்று பெயராம். அவள் எழுதிய புரோகிராமில் அது தானாகத் தாவுகிறது. ஒரு கட்டத்தில் ஒருவர் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பெயர் வேறெங்கோ போய் விழுகிறது.

"எப்போ தாவுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன்ப்பா இப்டி குந்திகினு இருக்கேன்? ஆபீஸ்ல மத்தவங்க வேலை செய்யும்போது தாவுது. நான் பக்கத்துல உக்காந்து பாத்தா ஒழுங்கா இருக்கு."

என் உள்ளங்கை இரண்டும் நனைந்துவிட்டன. லுங்கியில் துடைத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"புரோகிராம் என்னுது. உனக்கு ஏன்ப்பா வேர்க்குது?"

அதற்கான பதில்தான் இது.

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. ராயபுரத்தில் குடித்தனம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு தொழிற்சாலையில் வேலை. அதன் பெயர் வேண்டாம். என்னை வேலைக்கு வைத்திருந்தது என்ற அவமானமே அதற்குப் போதும்.

வெளியே மலை மாதிரி நிலக்கரி குவிந்திருக்கும். அதைப் பாய்லர்களுக்கு எடுத்துப்போக ஐந்து பெல்ட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கைகாலை நீட்டிப் படுக்கிற அகலம். இந்த அளவை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த நாட்களில் என் மனசு அதைத்தான் அளந்துகொண்டிருந்தது. இரண்டாம் நம்பர் சின்ன பாய்லருக்கு. நாலாம் நம்பர் பெரிய பாய்லருக்கு, அதுவும் நேராக இல்லை. நடுவில் கரியை நொறுக்குகிற யந்திரத்தின் வாய் வழியாக.

மூன்று மாடி உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு அறை. அதில் ஒரு மேஜை. மேஜையின் இந்தப்பக்க விளிம்பை ஒட்டி வரிசையாக ஐந்து கறுப்புப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு. ஓரமாக எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு பச்சைப் பொத்தான், ஓட்ட. ஒரே ஒரு சிவப்புப் பொத்தான், நிறுத்த. இரண்டாம் நம்பர் ஓட வேண்டுமென்றால் முதலில் கறுப்பு இரண்டை அமுக்க வேண்டும். அதன் விளக்கு எரியும். பிறகு பச்சையை அமுக்கினால் இரண்டு ஓடும். கடைசியாக எந்தக் கறுப்பை அமுக்கினோமோ அதற்குத்தான் பச்சை கட்டுப்படும். முன்னால் அமுக்கினது அணைந்துபோய்விடும். வெளிநாட்டுக்காரன் செலவை மிச்சம் பிடித்துச் செய்த மேஜை.

இதற்கு நடுவில் எங்கள் ஊர் ஏற்பாடுகள் இரண்டு உண்டு. ஒன்று, எந்த பெல்ட்டை ஓட்டினாலும் அதற்கு முன்னால் அதன் நம்பரைச் சொல்லி, தள்ளி நில்லு என்று மைக்கில் மூன்று தடவை சொல்ல வேண்டும். மைக், மேஜையின் அந்தக் கோடியில் வலதுபக்கம் ஆணி அடித்து நிறுத்தப்பட்டிருந்தது. உயரமான ஆட்களுக்கு லேசாகச் சாய்ந்தாலே எட்டும். எனக்கு எட்டாது. நான் மேஜைமேல் ஏறக்குறைய குப்புறப் படுத்து, குளத்தில் தண்ணீர் குடிக்கிற ஆடு மாதிரி கழுத்தை நீட்டிப் பேச வேண்டும். இரண்டாவது ஏற்பாடு, எந்த பெல்ட்டிலாவது ஆள் ஏறி வேலை செய்தால் அதன் விளக்குக்கு மேலே இருக்கிற கொக்கியில் 'ஆள் வேலை' என்று எழுதின தகரத் தகட்டை மாட்டுவது. தகடு விளக்கை மறைத்துக்கொண்டு தொங்கும். நெடுநேர வேலையென்றால் கீழே மோட்டார் அறைக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். பத்து நிமிஷ வேலைக்கு யார் மூன்று மாடி இறங்குவது? தகடு போதும்.

நாலாம் நம்பரில் ஏறுகிற ஆள் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், தங்கையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மழைக்காலத்தில் ஈரக்கரி களிமண் மாதிரி ஆகி, நாலாம் பெல்ட் நொறுக்கியில் கொட்டுகிற இடத்தில் அடைத்துக்கொள்ளும். கடப்பாரையோடு பெல்ட்மேல் ஏறி நின்று குத்திக் குத்தித் தள்ள வேண்டும். காலுக்கு நாலடி தள்ளி நொறுக்கியின் வாய்.

ஏறுவதற்கு முன் போன் செய்வார்.

"மாப்ள, நாலுல ஏறப்போறேன். தகட்ட மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன் மச்சான்."

"ஒயுங்கா மாட்னியா, இல்ல உன் கொரங்குச் சேட்டையில அஞ்சுல மாட்டிகினியா?"

"நாலுலதான் மச்சான்."

இது ஜெபம் மாதிரி தினமும் நடக்கும்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். சின்ன பாய்லரிலிருந்து கரி கேட்டார்கள். நாலில் தகடு தொங்குகிறது. நான் இரண்டை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. குப்புறப் படுத்து மைக்கில் மூன்று தடவை சொன்னேன். எழுந்தேன். எப்போதும்போல ஜன்னல் வழியாக இரண்டாம் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே பச்சையை அமுக்கினேன்.

இரண்டு அசையவில்லை. அதற்கு அப்பால் நாலு ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்பை அமுக்கினேனா, அறைந்தேனா தெரியாது. பெல்ட் நின்றது. என் காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. போன் அடித்தது. எடுத்தேன். மச்சானின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டபோது வந்த அழுகையை ஏப்பம் மாதிரி விழுங்கினேன்.

"இன்னா மாப்ள, வெள்ளாட்டா? தண்ணி குடிக்க எறங்குனேன், கடப்பாற பூட்ச்சி உள்ள. ஒரு நிமிட் முன்னாடின்னா நான் பூட்டிருப்பேன். என் தங்கச்சிக்கு நான் தாலி வாங்கியாந்து குடுத்தேன். நீ என் பொண்டாட்டி தாலிய அறுக்கப் பாக்குறியே!"

"நான் ரெண்டத்தான் அமுக்கினேன் மச்சான். மாதா சத்தியமா."

"மாதாவ ஏன்டா இதுல இழுக்குற? அவங்களா பொத்தான அமுக்கினாங்க?"

கைதவறி அமுக்கியிருப்பேன் என்று அவர் மன்னித்தார். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். தப்பு நம்முடையது என்று நம்புவதில் ஒரு நிம்மதி உண்டு. நாளைக்கு ஜாக்கிரதையாக இருந்தால் தீர்ந்தது. ஆனால் புதன்கிழமை ரொம்ப ஜாக்கிரதையாக, இரண்டை இரண்டு தடவை அமுக்கினேன். விளக்கை உற்றுப் பார்த்தேன். படுத்துச் சொன்னேன். எழுந்து பச்சையை அமுக்கினேன்.

நாலு ஓடியது. இந்தத் தடவை மச்சான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

நான் பார்த்தேன். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்து, மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்ட ஒரு உருவம் நின்ற வாக்கிலேயே நகர்வதைப் பார்த்தேன். அப்புறம் அந்த உருவம் இல்லை. சிவப்பை அமுக்கினேன். அமுக்கின விரலை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி ஓடிவிடும் என்று தோன்றியது. போன் அடிக்கவில்லை.

படியில் சத்தம் கேட்டது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. டக், தொப், டக், தொப். உள்ளே வந்தவர் உச்சிமுதல் பாதம்வரை கரி. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக் குதித்திருக்கிறார். முழங்கை தோலுரிந்து தொங்கியது. நான் விரலை எடுத்துவிட்டுத் திரும்பினேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொடிய எடு" என்றார்.

இந்த இடத்தில் என் பொடிப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு வயதில் எழுபது வயதுப் பழக்கம். சிகரெட் பிடித்தால் இருமல், வெற்றிலை போட்டால் மயக்கம், எனக்கென்று மிச்சம் இருந்தது மூக்குதான். மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் கிட்டே வரமாட்டாள். முதலில் வாழைப்பட்டையில் மடித்த பொடிதான் வைத்திருந்தேன். மழையில் அது நமுத்துப்போவதைப் பார்த்துவிட்டு, மச்சானே அந்த மாதம் ஒரு பித்தளை டப்பா வாங்கிக் கொடுத்தார். வட்டமாக, கெட்டியாக, எட்டணாக் காசைவிட இரண்டு மடங்கு பெரிசு. சட்டையின் இடதுபக்கப் பாக்கெட்டில் போட்டுவைத்திருப்பேன்.

டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன். அவசரத்தில் பாதிப் பொடி மேஜைமேல் கொட்டியது. அவர் இழுத்தார். தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொடியாலா என்று நான் கேட்கவில்லை.

"மாப்ள, நெசமாச் சொல்லு. ரெண்டத்தான் அமுக்கினியா?"

"ரெண்டத்தான் மச்சான்."

"அப்பொ நீ அமுக்கல. வேற இன்னாவோ அமுக்குது."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் பயம் அதிகமானது.

மின்சாரப் பிரிவு ஃபோர்மேனுக்குச் செய்தி போனது. அவர் பெரம்பூரிலிருந்து வருகிறவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கி. அவர் அறைக்குள் வந்தால் நாங்கள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வோம். அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். நான் அமுக்கினேன், படுத்தேன், சொன்னேன், எழுந்தேன், அமுக்கினேன். நூறு தடவை இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மேஜையின் அடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தார். மற்ற ஷிஃப்ட் ஆட்களை விசாரித்தார். அவர்களுக்கு இப்படி ஆனதே இல்லை.

மூன்றாம் நாள் மேஜையை மூடினார்.

"மேஜைல ஒரு கோளாறும் இல்லப்பா. மேஜை முன்னால குந்திகினு இருக்கறதுலதான் இன்னாவோ கீது."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த மூன்று நாளும் பத்து நிமிஷ வேலைக்கும் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் மணிக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டதில் ஃபியூஸ்காரர் ஏறி இறங்கி ஓய்ந்துபோனார். 'மேஜை சரி' என்று கையெழுத்து வந்ததும் பழையபடி தகடு போதும் என்றாகிவிட்டது.

எனக்கு வேறு வேலை கேட்டேன். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்துபோனார்கள். ஒருவன் மட்டும் எதிரில் உட்கார்ந்து, "நைனா, அந்த அறையில முன்னாடி ஒருத்தன் மாரடைச்சி செத்தான் தெரியுமா? அவன் நாலாம் நம்பர் ஆளு" என்று சொல்லிவிட்டு என் வடையை எடுத்துத் தின்றான். நான் வடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. என் நிலைமை அவ்வளவு மோசம்.

வீட்டில் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. ஆனால் சமையலறை விளக்கைப் போடும்போது, போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பேன், அங்கே ஏதாவது எரிகிறதா என்று. மனைவி இரண்டு நாள் பார்த்தாள்.

"அவங்க வூட்ல இன்னா பாக்குற?"

"சும்மா."

"சும்மா பாக்கறதுக்கு அவ அப்டி ஒண்ணும் ஷோக்கா இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பம் சாப்பிட வந்தது. மூன்று குழந்தைகள். கடைசிப் பெண் என் மடியில் ஏறி உட்கார்ந்து மீன் முள் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த விரலைப் பார்த்தேன். அதே விரல். மச்சானின் முழங்கைக் கட்டைப் பார்த்து என் மனைவி, "இன்னாண்ணா அது?" என்று கேட்டாள். "வயுக்கி வுயுந்துட்டேம்மா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். கிளம்பும்போது வாசலில் அவள் என் காதில், "அண்ணனப் பாத்துக்கோ. ஒரே எடத்துல வேல செய்றீங்க, உன்ன நம்பித்தான் கீறேன்" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது திருவொற்றியூர் வந்தால் இறங்கி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கவில்லை. நான் போகாவிட்டாலும் மச்சான் ஏறுவார், மேஜையில் வேறு யாராவது இருப்பார்கள், அவர்களிடம் தப்பே நடக்காது. அதுதான் நல்லது என்று புத்தி சொன்னது. ஆனால் கால் இறங்கவில்லை. கோழைக்கு ஓடிப்போவதற்கும் தைரியம் வேண்டியிருக்கிறது.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"மாப்ள, நாலுல ஏறப்போறேன்."

"வேணாம் மச்சான். ஃபியூஸ புடுங்கச் சொல்லு."

"சொன்னேன். அந்தாளு அஞ்சாம் நம்பர் மோட்டாராண்ட கீறான், வர அரமணி ஆவும். பெரிய பாய்லர் கத்துது. பத்து நிமிட் வேல. நீ ஒண்ணுத்தையும் அமுக்காம கைய கட்டிகினு குந்து."

தகட்டை மாட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் மச்சான் ஏறுவது தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் இன்னொரு போன். சின்ன பாய்லர்.

"யோவ், ரெண்ட வுடுய்யா. ஸ்டீம் எறங்குது."

"பத்து நிமிட் பொறுங்க சார்."

"பத்து நிமிட்ல பாய்லர் ஆறிப்பூடும். அப்பால நீ வந்து ஊதுவியா?"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. படுத்து மைக்கில் சொன்னேன், மூன்று தடவை, என் குரல் முற்றம் முழுவதும் நடுங்கியதை நானே கேட்டேன். எழுந்தேன். விரல் பச்சைக்குப் போனது. அந்த இடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஜன்னலைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தது. அதுவும் மச்சானைப் பார்க்கப் பயந்து.

இரண்டாம் நம்பர் விளக்கு எரியவில்லை.

ஒன்று எரியவில்லை. மூன்று, ஐந்து, எதுவும் இல்லை. நாலில் தகடு தொங்கியது. தகட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு. அடுப்புக் கதவு இடுக்கில் தெரிகிற மாதிரி. ஒரு விரலால் தகட்டைத் தூக்கினேன். நாலாம் நம்பர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அறையில் நான் ஒருவன்தான். யாரும் தொடவில்லை.

பச்சைப் பொத்தானிடமிருந்து கையை, தூங்குகிற நாயின் வாயிலிருந்து எடுப்பது மாதிரி எடுத்தேன். என் வடையைத் தின்றவன் சொன்ன செத்துப்போன ஆள் என் பின்னால் நிற்பதாகவே நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. போனில் ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். ஃபோர்மேன் வருகிற சத்தம் படியில் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டது, தானாகப் பாக்கெட்டிலிருந்து பொடி டப்பாவை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளியது. பெரியவர்கள் முன்னால் பொடி டப்பா பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருப்பது மரியாதை இல்லை.

அவர் வந்து நின்றார். "பச்சையைத் தொடாத. மத்தத செஞ்சி காட்டு" என்றார். இரண்டை அமுக்கி, படுத்து, எழுந்தேன். இரண்டு எரிந்தது. ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் இரண்டுதான்.

"பயத்துல உனக்குக் கண்ணு தெரியல. ஊட்டுக்குப் போ, நான் வேற ஆள அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டினார்.

நான் செய்வதறியாமல் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். பயந்தால் எனக்கு மூக்கு அரிக்கும். ஒரு சிட்டிகை இழுத்து, மூடி, பாக்கெட்டில் போட்டேன். போட்ட கை பாக்கெட்டிலேயே நின்றுவிட்டது.

ஃபோர்மேன் இருந்தால் தப்பாது. இல்லையென்றால் தப்பும். அவர் வரும்போது நான் என்ன செய்கிறேன்? பொத்தான் போடுகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன். அப்புறம் இது.

இரண்டை அமுக்கினேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக மைக்கை நோக்கிச் சாய்ந்தேன், கண்ணைத் தாழ்த்தி என் மார்பையே பார்த்துக்கொண்டு. வலதுபக்கம் நீட்டும்போது என் இடது மார்பு மேஜையின் விளிம்புக்கு வந்தது. பாக்கெட் தொங்கியது. பித்தளை விளிம்பு நாலாம் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. என் எடை அதன்மேல் இறங்கியது. டிக். அந்தச் சத்தம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதன்மேல்தான் நான் மைக்கில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், தள்ளி நில்லு, தள்ளி நில்லு என்று.

மைக்கிலேயே சொன்னேன். "மச்சான். எறங்கு. எறங்கிடு மச்சான்." மூன்று தடவைக்குமேல் சொன்னேன். ஃபோர்மேன் பாதிப் படியிலிருந்து ஓடிவந்தார்.

அவரிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டப்பாவைக் கடலில் எறிந்துவிட்டால் தப்பு தானாக நின்றுபோகும், யாருக்கும் தெரியாது. ஆனால் என் முகத்தில் அந்த அளவு நடிப்பு கிடையாது. சாய்ந்து காட்டினேன். டிக். தகட்டுக்குப் பின்னால் சிவப்பு. அவர் மீசை ஆடியது.

"என் கையெழுத்து கீதுய்யா அதுல" என்றார் கடைசியில். "மேஜை சரின்னு நான்தான்யா எழுதிக் குடுத்தேன். அத நம்பித்தானய்யா அவன் மேல ஏறுறான்." அதுவரை எனக்கு மட்டும் இருந்த பயம் அவருக்கும் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பொடி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மகளிடம் இவ்வளவையும் சொல்லி முடித்து, "நீ உக்காந்து பாக்கும்போது எதையாவது எடுத்து உள்ள வைக்கிறியாம்மா?" என்று கேட்டேன். முதலில் முறைத்தாள். அப்புறம் யோசித்தாள். ஆபீஸில் கடிதம் வந்தால் திரையின் மூலையில் எட்டிப் பார்த்துச் சொல்லுகிற ஒரு சின்ன ஜன்னல் உண்டாம். சோதனை பண்ணும்போது தொல்லை என்று அதை மூடிவிட்டுத்தான் உட்காருவாளாம். மற்றவர்கள் மூடுவதில்லை. திங்கட்கிழமை திரும்பி வந்து, அதுதான் ஃபோகஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தது என்றாள். அவளுடைய புரோகிராமில் யாருக்கும் கால் போகாது. எனக்கு அது போதும்.

எங்கள் மேஜையில் மறுநாளே மைக்கை இந்தப்பக்கம் மாற்றினார்கள். பொத்தான்களைச் சுற்றி உயரமாக வளையம் போட்டார்கள். தகட்டின் நடுவில் ஓட்டை போட்டு விளக்கு தெரியும்படி செய்தார்கள். அப்புறம் தப்பு நடக்கவே முடியாது என்று ஃபோர்மேன் சொன்னார், ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை.

மச்சானிடம் அன்றைக்கே சொன்னேன். டப்பாவைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"நான் வாங்கிக் குடுத்ததாடா? காசு குடுத்து எமன வாங்கிகினு வந்தேனா?"

வளையம் போட்ட பிறகும் அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அடுத்த நாளிலிருந்து போன் செய்வதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தடவையும் மூன்று மாடி ஏறி வருவார். வாசலில் நின்று கையை நீட்டுவார். நான் டப்பாவை அந்தக் கையில் வைப்பேன். தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கீழே போய், நாலில் ஏறுவார். வேலை முடிந்ததும் மறுபடி மூன்று மாடி ஏறி வந்து திருப்பித் தருவார். அது திரும்பி வரும்வரை நான் எந்தப் பொத்தானையும் தொடமாட்டேன். எந்த பாய்லர் கத்தினாலும், எந்த மேனேஜர் போன் செய்தாலும். சில நாள் அவருக்கு இருபது நிமிஷம் ஆகும். எனக்கு மூக்கு அரிக்கும். படியில் செருப்புச் சத்தம் இரண்டு காலுக்கும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதக் கடைசியில் வேறு வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மேஜைக்கு வருகிற புது ஆளின் பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சானின் சட்டையைத் துவைக்க எடுத்த அவர் மனைவி, பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். பாக்கெட் முழுக்கப் பொடி வாசனை. என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். சுவரோரம் ஒதுங்கினேன்.

"இன்னாண்ணா இது கலீஜு? இந்த வயசுல பொடி போட ஆரம்பிச்சிக்கிறே! உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு புடிச்ச பயக்கம்?"

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் மடியில் கடைசிப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா பண்றது" என்றார் தங்கையிடம். "உசுரு மேல ஆச."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என் காலிப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு, குழம்பு ஜோராக இருப்பதாகச் சொன்னேன்.